வெள்ளைத் திரையும் மூணு தாளும்

ஒரு பழைய போனுக்குள்ள ஒரு பிரவுசர் குடியிருந்தாரு. போனோட கண்ணாடி ஒரு மூலையில உடஞ்சு, டேப் ஒட்டியிருக்கும். பிரவுசருக்கு அதப் பத்திக் கவலை இல்ல. வெளியூர்ல இருந்து வர்ற பக்கங்கள வாங்கி, அடுக்கி, கண்ணாடியில காட்டுறது அவரு வேலை. அடுக்கி முடியிற வரைக்கும் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் திரை தொங்கும். அந்தத் திரையோட கயிறு அவரு கையில.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு பக்கமும் வரும்போது ஒரு பட்டியல் கொண்டுவரணும். எழுத்து என்ன அளவு, என்ன நிறம், பட்டன் எங்க உக்காரணும், இதையெல்லாம் சொல்றதுக்குன்னே தனியா அலங்காரத் தாளுங்க இருக்கு. பக்கம் முன்னாடி வரும், தாளுங்க பின்னாடி வரும். பட்டியல்ல பேர் இருக்கிற தாளுங்க வந்து சேர்ந்தாத்தான் திரை ஏறும். ஒண்ணு குறைஞ்சாலும் ஏறாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு புதன்கிழமையில இருந்து வந்து வந்து திரும்பின ஒரு சின்னப் பக்கம் மறுபடி மூச்சிரைக்க வந்து நின்னுச்சு.

"அண்ணே, திரையத் தூக்குங்க. அவசரம்."

"எல்லாப் பக்கமும் இதத்தான் சொல்லுது. நேத்து ஒரு செருப்பு விளம்பரம்கூட அவசரம்னுதான் வந்துச்சு. பட்டியலக் குடு."

பக்கத்துக்கிட்ட இருந்தது மொத்தமே அஞ்சாறு வரி. சுகிர்தா, தகப்பன் பேர் தாசையா. மீன்வளப் பட்டப்படிப்புல ஒரு இடம் ஒதுக்கியாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். சொல்லலன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். அதுக்குக் கீழ ரெண்டு பட்டன். மேல இருக்கிறது 'விலகுகிறேன்'. அதுக்குக் கீழ 'ஏற்கிறேன்'. அந்த வரிசையில ஏன் வெச்சாங்கன்னு வெச்சவங்களுக்கே தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த சுகிர்தாதான் நின்னுட்டிருந்தா. ஊரு வால்பாறைக்குப் பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட். காலையில கொழுந்து பறிக்கிறவங்களப் பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சு விடுற எடத்துக்கு அங்க பெரட்டுக் களம்னு பேரு. அந்தக் களத்து ஓரத்துத் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னா ஒரே ஒரு கோடு சிக்னல் கெடைக்கும். எறங்கினா அதுவும் போயிரும். புதன்கிழமை அடிச்ச மழையில ரோட்டுல மரம் சாஞ்சு, டவுன் பஸ் நின்னுபோச்சு. இடம் கெடச்சிருக்குன்னு குறுஞ்செய்தி வந்ததும் அதே புதன்கிழமைதான். மூணு நாளா அவ அந்தத் தொட்டி மேலதான் நிக்கிறா. ஒரு கையில குடை, ஒரு கையில போனு, கண்ணுக்கு முன்னாடி வெறும் வெள்ளை.

உள்ள பிரவுசர் பட்டியலப் படிச்சாரு. நாலு பேரு இருந்துச்சு. பெருந்தாள், எழுத்துத்தாள், படத்தாள், அச்சுத்தாள்.

அச்சுத்தாளுக்குத் தான் காத்திருக்கப் போறதில்லன்னு அவரு சொன்னாரு. யாராவது காகிதத்துல அச்சடிக்கச் சொன்னாத்தான் அவனுக்கு வேலை, அவன் கையில இருக்கிற சீட்டுலயே 'அச்சுக்கு மட்டும்'னு எழுதியிருக்கு, அவன் மெதுவா வரட்டும். மத்த மூணு பேரும் வந்தே ஆகணும்.

"எங்க வர்றாங்க அண்ணே?"

"கோயமுத்தூர்ல கெளம்பிட்டாங்க."

காத்துல வர்ற தாளுக்கு ரோடு எதுக்குன்னு கேக்கலாம். ஆனா ஒரு கோடு சிக்னல்ல வர்ற தாளுக்கும், ஆழியாறுல இருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற லாரிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டும் வளைவுக்கு வளைவு நின்னு, எதிர்ல வர்றதுக்கு வழி விட்டு, சூடாகி, ஆறி, அப்புறம்தான் மேல ஏறும்.

பதினஞ்சு நிமிஷம் கழிச்சு பெருந்தாள் வந்து சேந்துச்சு. முதுகுல ஒரு மலை மூட்டை. எறக்கி வெச்சுட்டு இடுப்பப் பிடிச்சுகிட்டு உக்காந்துச்சு.

மூட்டையில என்ன இருக்குன்னு பக்கம் கேட்டுச்சு. எல்லாம் இருக்குன்னு பெருமையா சொல்லிச்சு பெருந்தாள். ஹாஸ்டல் பக்கத்துக்கு வேண்டிய அலங்காரம் இருக்கு, விளையாட்டு விழா பக்கத்துக்கு இருக்கு, நாலு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்குன்னு போட்ட பானைகூட இருக்கு. அத எடுக்க யாருக்கும் நேரம் இல்ல.

"அதுல எனக்கு எத்தன வரி?"

பெருந்தாள் தேடிப் பாத்துச்சு. "பன்னெண்டு."

"மொத்தம் எத்தன?"

"ஒம்பதாயிரம்."

"பன்னெண்டு வரிக்காக ஒம்பதாயிரம் வரியத் தூக்கிட்டு வர்றது வேலை இல்லக்கா. வீடு மாத்துறது."

பெருந்தாளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. தன்னத் திட்டி என்ன பிரயோஜனம், மூட்டை கட்டினவங்களத் திட்டுன்னு சொல்லிட்டுத் திரும்பி உக்காந்துகிச்சு. அதுவும் நியாயம்தான்.

எழுத்துத்தாள் இன்னும் வரல. எழுத்தக் கொஞ்சம் வளைவா காட்டுறதுக்காக அது வேற ஏதோ நாட்டுக்குப் போயிருக்காம். படத்தாள் ரெண்டாவது வளைவுலயே மூச்சு வாங்குது. அதோட வேலை, பக்கத்தோட நெத்தியில ஒரு பெரிய படத்த ஓட விடுறது. மொதல்ல கட்டடம், அடுத்து தலைவர், அடுத்து மறுபடி கட்டடம்.

பக்கத்துக்குப் பொறுமை போயிருச்சு. "நான் அஞ்சாறு வரியோட தயாரா நிக்கிறேன். எழுத்து வளைஞ்சா என்ன, நிமிந்தா என்ன? ஒரு பொண்ணு மழையில நிக்கிறா. அவளுக்குக் கட்டடத்தக் காட்டப்போறீங்களா?"

பிரவுசர் கயித்த இறுக்கிப் பிடிச்சுகிட்டாரு. ஒரு காலத்துல தானும் அப்படித்தான் இருந்ததா அவரு சொன்னாரு. வந்தத வந்தபடி காட்டினாராம். ஆள் தொடப் போற நேரம் பாத்து ஒரு தாள் வந்து சேருமாம். எல்லாம் கீழ நகருமாம். பாட்டு கேக்க வந்தவரு கை தவறி எதையோ தொட்டு, போன் முழுக்கக் குப்பை விளம்பரம். அன்னைக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம்தான் மேல இருந்து சட்டம் வந்து, இந்தத் திரையக் கட்டினாராம்.

"ஒருத்தரு தப்பாத் தொட்டுட்டாருன்னு, இப்ப யாரையும் தொடவே விடாம பண்றீங்க."

"சட்டம் நான் எழுதல, தாயி."

"கயிறு உங்க கையிலதான இருக்கு?"

அவரு கயித்த விடல.

ரெண்டே முக்காலுக்கு சுகிர்தா பொறுமை இழந்து கண்ணாடியில விரல வெச்சு, பக்கத்தக் கீழ இழுத்து விட்டா. அப்படி இழுத்தா மறுபடி மொதல்ல இருந்து. பக்கம் திரும்பிப் போகணும், வந்து சேந்த பெருந்தாளும் மூட்டையத் தூக்கிட்டுத் திரும்பிப் போகணும். ஒரு தடவ வந்தத போன்லயே சேத்து வெக்கக்கூடாதுன்னு, பக்கத்த அனுப்புற சேர்க்கை ஆபீஸ்ல முத்திரை குத்தி அனுப்பியிருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா, எப்பவும் புதுசா இருக்கணுமாம். புதுசாத்தான் இருந்துச்சு. வெள்ளை வெளேர்னு.

நெட்டு இழுக்கலன்னாலும் பேச்சுக்கு அந்த ஒரு கோடு போதும். சுகிர்தா சேர்க்கை ஆபீஸோட உதவி எண்ணுக்குப் போட்டா. எடுத்தவரு மொதல்ல போன அணைச்சுப் போடச் சொன்னாரு. போட்டா. மறுபடி கூப்பிட்டதும் வைஃபையில பாக்கச் சொன்னாரு. தொட்டி மேல பாசிதான் சார் இருக்கு, வைஃபை இல்லன்னா. அவரு சிரிக்கல. மத்தவங்களுக்கெல்லாம் வருதேம்மான்னு கடைசி ஆயுதத்த எடுத்தாரு.

"வந்தவங்கதான சார் உங்களுக்குத் தெரியும். வராதவங்க எதுல வந்து சொல்லுவாங்க?"

அப்புறம், இணையப் பக்கத்தப் பாத்துக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா, அவகிட்ட குடுக்குறேன்னாரு.

அந்தப் பொண்ணு பேரு கார்குழலி. கடைசி வருஷம் படிக்கிறா, மத்தியானத்துல அந்த ஆபீஸ்ல பகுதி நேர வேலை. சுகிர்தா சொல்றதக் கேட்டுகிட்டே தன் போன்ல பக்கத்தத் தொறந்தா. கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள வந்து நின்னுச்சு. கட்டடம், தலைவர், கட்டடம். ஆபீஸ் வைஃபையில எல்லாமே அப்படித்தான் வரும். அதனாலதான் மூணு வருஷமா யாருக்கும் தெரியல.

"எனக்கு வருதேம்மா," ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா. போனோட செட்டிங்ஸ்ல போய், பழங்காலத்து மெதுவான நெட்டுக்கு மாத்திட்டு மறுபடி தொறந்தா. வெள்ளை. எண்ண ஆரம்பிச்சா. நூத்தி முப்பது வரைக்கும் எண்ணியும் வெள்ளை.

மேசையில அன்னைக்குக் காலையில அச்சடிச்ச ஒரு பட்டியல் கெடந்துச்சு. இன்னும் பதில் சொல்லாதவங்க எழுபத்தியொரு பேரு. வேண்டாம்னு நெனச்சிருப்பாங்கன்னு கண்காணிப்பாளர் சொல்லியிருந்தாரு. கார்குழலி இப்பதான் அதுல இருந்த ஊர்ப் பேரப் படிச்சுப் பாத்தா. பாதி மலை, மீதி கடலோரம்.

"அக்கா, நீங்களே எனக்காக அமுத்திருங்களேன். ஓடிபி சொல்றேன்."

ஆபீஸ்ல இருக்கிறவங்க கை அந்தப் பட்டன்ல படக்கூடாதுன்னு கார்குழலி சொன்னா. அதுவுமில்லாம, "உனக்கு நான் அமுத்திருவேன். மத்த எழுபது பேருக்கு யாரு அமுத்துவா? அவங்க போன் பண்ணக்கூட இல்லியே."

மணி மூணே கால். அரை மணி நேரம் குடுன்னு கேட்டு வெச்சா.

அவ செஞ்சது ஒரு சின்னத் திருட்டுத்தனம். அந்த வேலை தெரிஞ்ச எல்லாரும் செய்யறதுதான். பெருந்தாள், எழுத்துத்தாள், படத்தாள் மூணு பேரோட சீட்டுலயும் 'அச்சுக்கு மட்டும்'னு எழுதிட்டா. கீழ பொடி எழுத்துல இன்னொரு வரி: வந்து சேந்ததும் சீட்ட நீயே மாத்திக்கோ.

மூணு அம்பதுக்குப் பக்கம் மறுபடி போனுக்கு வந்துச்சு. பிரவுசர் பட்டியலப் படிச்சாரு. மறுபடி படிச்சாரு. நாலு பேருமே அச்சுக்கு.

"என்ன தாயி இது? மூணு நாளா அலங்காரம்னு சொல்லிட்டு, இன்னைக்கு எல்லாரும் அச்சா?"

"சீட்டுல என்ன எழுதியிருக்கு அண்ணே?"

"அச்சுன்னுதான் எழுதியிருக்கு."

"உங்க சட்டம் என்ன சொல்லுது?"

அவரு ஒரு பெருமூச்சு விட்டாரு. அதுல பாதி தோல்வி, பாதி நிம்மதி. மூணு நாளா கயித்தப் பிடிச்சுப் பிடிச்சு அவரு கையும் கன்னிப் போயிருந்துச்சு. திரையத் தூக்கினாரு.

மூலையில அச்சுத்தாள் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. இத்தன நாளா எவனும் தனக்காகக் காத்திருக்கலன்னு அதுக்கு ஒரு குறை இருந்துச்சு. இப்ப எல்லாரும் அதோட பேரச் சொல்லிகிட்டுத்தான் ஊருக்குள்ள வர்றாங்க.

தொட்டி மேல சுகிர்தாவுக்குக் கண்ண நம்ப முடியல. பக்கம் வந்துருச்சு. அலங்காரம் கெடையாது, நெறம் கெடையாது, எழுத்தெல்லாம் தந்தி மாதிரி நிக்குது. ஆனா அவ பேரு இருந்துச்சு. அப்பா பேரு இருந்துச்சு. மீன்வளம் இருந்துச்சு. கீழ ரெண்டு பட்டன். குடையக் கழுத்துல இடுக்கிகிட்டு, 'ஏற்கிறேன்' மேல கட்டை விரலக் கொண்டுபோனா.

அந்த நேரம் பாத்து படத்தாள் வளைவெல்லாம் ஏறி வந்து சேந்துச்சு. சொன்னபடி சீட்ட மாத்திகிச்சு. அதுக்குன்னு இடம் எதுவும் விட்டு வெக்கல. அது வழக்கம்போல நேரா நெத்திக்குப் போயி, அங்க இருந்த வரிங்களத் தள்ளிட்டு, காலை நீட்டி உக்காந்துச்சு. அத்தன வரியும் கீழ எறங்கிச்சு. பட்டனும் எறங்கிச்சு. கட்டை விரல் மட்டும் அதே எடத்துல எறங்கிச்சு.

விரலுக்கு அடியில இப்ப இருந்தது 'விலகுகிறேன்'.

"அய்யோ," ன்னுச்சு பக்கம். பிரவுசர் கண்ண மூடிகிட்டாரு.

கண்ணாடியில ஒரு கேள்வி வந்து நின்னுச்சு. நிச்சயமாக விலகுகிறீர்களா? ஆம். இல்லை. அந்தப் பக்கத்துலயே யாரோ ஒருத்தர் யோசிச்சு எழுதின வரி அது ஒண்ணுதான். சுகிர்தா 'இல்லை'யத் தொட்டா. கேள்வி மறஞ்சுபோச்சு. கூடவே சிக்னலும் போச்சு. ஏதோ ஒரு மேகம் மலைய மறச்சிருந்துச்சு.

உள்ள பிரவுசர் மெதுவா சொன்னாரு. "இதுக்குத்தான் தாயி பயந்தேன்."

பக்கம் தலையக் குனிஞ்சுகிச்சு. அவரு சொன்னது தப்பு இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா மறுபடி வெள்ளைத் திரைக்குப் பின்னாடி போய் நிக்கவும் அதுக்கு மனசு வரல.

கோடு திரும்பி வந்ததும் சுகிர்தா மொதல்ல பக்கத்தத் தொறக்கல. கார்குழலிக்குப் போட்டா. அக்கான்னுதான் ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் சொன்னதுல மரியாதை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு. மூணு நாள் ஒண்ணையும் காட்டாம சாகடிச்சீங்க, இப்ப காட்டிச் சாகடிக்கப் பாக்குறீங்கன்னா. கார்குழலி தன் பக்கத்து நியாயத்தச் சொல்லப் பாத்தா. படம் மெதுவா வருது, வரும்போது தள்ளத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்றதுன்னா.

"எங்க அம்மா கொழுந்து பறிக்குது. ஆளுக்கு ஒரு நிரை, செடி வரிசை பிரிச்சுக் குடுப்பாங்க. ஒருத்தி லேட்டா வந்தா அவளுக்காகக் காடே நிக்காது. ஆனா அவ நிரையில வேற எவளும் கை வெக்க மாட்டா. அத விட்டுட்டு அடுத்த நிரையில பறிச்சுட்டுப் போவாங்க. அவ எப்ப வந்தாலும் நேரா அவ நிரையில எறங்குவா, யாரையும் இடிக்க மாட்டா. அம்மா பள்ளிக்கூட வாசல மிதிக்கல. இவ்ளோ பெரிய ஆபீஸ்ல ஒரு படத்துக்கு இடம் விட்டு வெக்கத் தெரியலியாக்கா உங்களுக்கு?"

கார்குழலி கம்ப்யூட்டர்ல பக்கத்தத் தொறந்துகிட்டே கேட்டா.

"மணி என்னடி அங்க?"

"நாலு அஞ்சு."

"நாலரைக்குத் தொற. அதுக்கு முன்னாடி கை வெக்காத."

இந்தத் தடவ கார்குழலி ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாத்தா. பெருந்தாளோட மூட்டையப் பிரிச்சு, பக்கத்துக்கு வேண்டிய அந்தப் பன்னெண்டு வரிய மட்டும் உருவி, பக்கத்தோட கையிலயே குடுத்துட்டா. எழுத்து இந்த அளவு, பட்டன் இந்த எடம், ரெண்டு பட்டனுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி. இனிமே இதுக்காக எவன் மூட்டைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்து நெத்தியில, படத்தோட உயரம் எவ்வளவோ அவ்வளவுக்கு இடத்தக் கட்டம் கட்டி விட்டு வெச்சா. பட்டன் வரிசையையும் மாத்தத்தான் கை போச்சு. அதுக்கு ரெண்டு கையெழுத்து வேணும், திங்கக்கிழமை ஆகும்னாங்க. அத விட்டுட்டா.

கண்காணிப்பாளர் டீ குடிச்சுட்டு அந்தப் பக்கமா வந்தவரு, அவ கம்ப்யூட்டரப் பாத்துட்டு நின்னாரு. தலைவர் படம் எங்கன்னு கேட்டாரு.

"வந்துட்டிருக்காரு சார். சேர் போட்டு வெச்சிருக்கேன்."

அவருக்கு அது மரியாதையா பட்டுச்சு. தலையாட்டிட்டுப் போனாரு.

எஸ்டேட்ல அப்ப கொழுந்து எடை போட்டு முடிஞ்சு பொம்பளைங்க திரும்பிட்டிருந்தாங்க. சுகிர்தாவோட அம்மா ஞானப்பூ, மேல சுத்தின பிளாஸ்டிக் சீட்டக்கூட அவுக்காம தொட்டிக்குக் கீழ வந்து நின்னா. மகளோட மூஞ்சியப் பாத்துட்டு, மலையில பொறந்தவளுக்கு மீனு படிப்புன்னு அப்பவே சொன்னேன், கடலுக்கு இங்க இருந்து வழி வேணாமான்னா. சுகிர்தா முறைச்சா. ஞானப்பூ வேற பக்கம் திரும்பிகிட்டா. ஆனா எடத்த விட்டுப் போகல. தொட்டியோட செவத்துல ஒரு கைய வெச்சுகிட்டே நின்னா, மக வழுக்கினா பிடிக்கிற மாதிரி.

நாலரை. பக்கம் மறுபடியும் போனுக்குள்ள வந்துச்சு. இந்தத் தடவ ஓடி வரல, நடந்து வந்துச்சு.

"பட்டியலக் குடு," ன்னாரு பிரவுசர். குரல்ல பழைய விறைப்பு இல்ல.

பக்கம் பட்டியலக் குடுத்துச்சு. கூடவே கையத் தொறந்து காட்டிச்சு. உள்ளங்கையில பன்னெண்டு வரி.

அவரு ஒவ்வொண்ணா படிச்சாரு. நெத்தியில கட்டம் கட்டி விட்டிருந்த எடத்தப் பாத்தாரு. விரலால அளந்தும் பாத்தாரு. "இது யாருக்கு?"

"படத்தாளுக்கு. அவன் எப்ப வேணா வரட்டும்."

"வந்தா எங்கயும் தள்ள மாட்டானே?"

"தள்ளுறதுக்கு அங்க யாரும் இல்ல அண்ணே."

பிரவுசர் சிரிச்சாரு. அவரு சிரிச்சு அந்தப் போன் பாத்ததே இல்ல. கயித்த முழுசா விட்டுட்டாரு.

கண்ணாடியில பக்கம் வந்து நின்னுச்சு. அலங்காரமும் இல்ல, அலங்கோலமும் இல்ல. எழுத்து படிக்கிற அளவுல இருந்துச்சு. பட்டன் ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு தள்ளி, தனித்தனியா உக்காந்திருந்துச்சு. சுகிர்தா உடனே தொடல. ஒரு நிமிஷம் பாத்துட்டே நின்னா, ஏதாவது நகருதான்னு. நடுவுல எழுத்துத்தாள் எங்கேயோ இருந்து ஓடி வந்து எழுத்த லேசா வளைச்சுட்டுப் போச்சு. பட்டன் அசையல. பெருந்தாள் மூட்டையோட வந்துச்சு, இங்க எல்லாம் ஆயிருச்சுக்கா, ஒரு ஓரமா உக்காருங்கன்னு பக்கம் சொல்லிச்சு. அப்பவும் பட்டன் அசையல.

அவ 'ஏற்கிறேன்'ஐத் தொட்டா. நிச்சயமாக ஏற்கிறீர்களா? 'ஆம்'.

ஒரு சின்ன வட்டம் சுத்திச்சு. தொட்டி மேல இருந்தவ மூச்சு விடல, கீழ இருந்தவளும் விடல, உள்ள பக்கமும் பிரவுசரும்கூட விடல. வட்டம் நின்னுச்சு.

உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது. நேரம் நாலு முப்பத்தி எட்டு.

சுகிர்தா தொட்டி மேலயே உக்காந்துட்டா. பாவாடை முழுக்கப் பாசி. குடை கீழ விழுந்து உருண்டுச்சு. ஞானப்பூ அத எடுத்து, மடக்கி, அக்குள்ல வெச்சுகிட்டா. கெடச்சிருச்சாடின்னு கேட்டா. சுகிர்தா தலைய ஆட்டினா.

"சரி எறங்கு. மீன் படிக்கிறவ மழையில நனைஞ்சா பரவால்ல, எனக்குச் சளி பிடிக்கும்."

சொல்லிட்டு ஞானப்பூ பிளாஸ்டிக் சீட்டால மூஞ்சியத் தொடச்சுகிட்டா. மழை விட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்துச்சு.

கோயமுத்தூர்ல கார்குழலி மேசை மேல இருந்த பட்டியல விட்டு எந்திரிக்கல. உதவி எண்ணுல இருந்தவரையும் கூட உக்கார வெச்சு, பதில் வராதவங்க எல்லாருக்கும் வரிசையா போன் போட்டு, இப்ப மறுபடி தொறந்து பாருங்கன்னு சொல்லிகிட்டே இருந்தா. எழுபத்தியொண்ணு எழுபதாச்சு. அறுபத்தி நாலாச்சு. அஞ்சு அடிக்கும்போது பதினொண்ணு. அந்தப் பதினொரு பேருல ரெண்டு பேரு நெஜமாவே வேண்டாம்னு சொன்னவங்க. மீதி ஒம்பது பேரோட பேர ஒரு காகிதத்துல எழுதிகிட்டு அவ கண்காணிப்பாளரோட ரூமுக்குப் போனா. உள்ள என்ன சண்டை போட்டாளோ தெரியல. வெளிய வரும்போது திங்கக்கிழமை வரைக்கும் நேரம் வாங்கிட்டு வந்தா. பட்டன் வரிசைய மாத்துறதுக்கும் ஒரு கையெழுத்து.

போனுக்குள்ள எல்லாம் அமைதியா இருந்துச்சு. சுகிர்தா போன அணைக்காம, தொட்டி மேலயே மறந்து வெச்சுட்டு எறங்கிட்டா. பாக்க ஆளில்லாத பக்கத்தப் பிடிச்சுகிட்டு பிரவுசரும் சும்மா உக்காந்திருந்தாரு.

அஞ்சே காலுக்கு, நாப்பதாவது வளைவையும் ஏறி முடிச்சு, தலைவர் படத்தோட படத்தாள் வந்து நின்னுச்சு. ஏதாவது ஆரம்பிச்சுட்டீங்களான்னு பயந்து பயந்து கேட்டுச்சு.

"ஆரம்பிச்சு, முடிஞ்சும் போச்சு," ன்னாரு பிரவுசர். "உன் எடம் அப்படியே இருக்கு. போய் உக்காரு."